1905-இல் ராஜுலாவா? விடமாட்டேன் அங்கிள்!

வணக்கம் மக்களே. மலேசியாவில், நிபோங் திபாலில் வெளியே மழை கொட்டுகிறது, அதனால் இன்றைக்கு மோட்டாரும் இல்லை, தோட்டமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறேன். முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். இருங்கள், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது... சரி, இப்போது தெரிகிறதா? கப்பல்!

பினாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. கடைக்காரர் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: ராஜுலா, 1905. ராஜுலா என்றால் நம்மவர்களைச் சென்னையிலிருந்து மலாயாவுக்கு ஏற்றிவந்த கப்பல். விலை 280 வெள்ளி, அதாவது ரிங்கிட். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் கேட்டேன், "அங்கிள், ராஜுலா கப்பலைக் கட்டினதே 1926-இல்தான். கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில். 1905-இல் இது எங்கிருந்து வந்தது?" அவர் அசரவில்லை. "அப்படியானால் 1926 என்று எழுதிவிடுகிறேன்" என்றார். எழுதிக் கொள்ளுங்கள், ஆனால் இருபது வருஷம் பழமை குறைந்தால் விலையும் குறைய வேண்டுமே? 200 என்றார். நான் கண்ணாடியில் இருந்த விரிசலைக் காட்டினேன். 150. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாசல் வரைக்கும் போகிற வித்தை தெரியும். 90 வெள்ளி! 280 எங்கே, 90 எங்கே! என் அத்தை மட்டும், "அறுபதுக்கே கேட்டிருக்கலாம்" என்கிறார். அத்தை, நீங்கள் வீடியோவுக்கு வெளியே இருங்கள்.

ராஜுலாதானா என்றே தெரியாமல் ஏன் வாங்கினேன்? புகைபோக்கியைப் பாருங்கள். கறுப்பு, அதில் இரண்டு வெள்ளைப் பட்டை. அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் அடையாளம். நம் தாத்தா பாட்டிமார் பலரையும் இக்கரைக்குக் கொண்டுவந்த கம்பெனி அது. ராஜுலா அதில் ஒரே ஒரு கப்பல்தான். ஆனால் நம்மவர்களுக்கு எல்லாக் கப்பலும் ராஜுலா! போன வாரம் ஒரு வைரல் வீடியோவில் ஒருவர், "எங்கள் கொள்ளுத்தாத்தா 1890-இல் ராஜுலாவில் வந்தார்" என்று அழுகிறார். பின்னணியில் வயலின் வேறு. எனக்கு இந்த வயலின் சமாச்சாரமே பிடிக்காது.

கம்பெனியின் கதை 1856-இல் தொடங்குகிறது. வில்லியம் மெக்கின்னன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் ஏற்றிச் செல்லக் கப்பல் விட்டார். 1862-இல் பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ஆனது. அரசாங்கத் தபால் ஒப்பந்தம் கையில் இருந்ததால் வளர்ந்துகொண்டே போனார்கள். 1914-இல் பி அண்ட் ஓ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோடு சேர்ந்தார்கள், ஆனாலும் தங்கள் பெயரையும் அந்த வெள்ளைப் பட்டைகளையும் விடவில்லை. உச்சத்தில் நூற்றைம்பது கப்பலுக்கு மேல் ஓடியிருக்கின்றன.

நம் பக்கத்துப் பாதை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். போர்ட் சுவெட்டன்ஹாம் என்றால் இப்போதைய கிள்ளான் துறைமுகம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். கைக்குழந்தையோடு, தகரப் பெட்டியோடு, ஆடுகிற படகிலிருந்து! ராஜுலாவில் டெக் பயணிகள், அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே பயணம் செய்கிறவர்கள், 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. படுக்கை கிடையாது. பாயை விரித்த இடம்தான் அறை. இந்த எண்ணிக்கையைப் பிற்பாடு வெகுவாகக் குறைத்தார்கள். இதைப் போய் 'நம் பாசக் கப்பல்' என்கிறார்கள். என்ன பாசம்? தோட்ட முதலாளிகள் கட்டிய பணத்தில் 1907-இல் ஒரு நிதி உண்டாக்கினார்கள், கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிவந்த ஆட்களின் கப்பல் கூலி அதிலிருந்து போனது. ஆள் கூடினால் கம்பெனிக்கு வருமானம் கூடும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இதே கம்பெனியோடுதான் வ.உ.சி. மோதினார். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி, கொழும்புக்கு விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள், அவரும் குறைத்தார். கடைசியில் இவர்கள், சும்மாவே வாருங்கள், போகும்போது ஒரு குடையும் தருகிறோம் என்றார்களாம். குடை! 1908-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவரைச் சிறையில் தள்ளியது, 1911-இல் சுதேசி கம்பெனியும் மூடப்பட்டது. வ.உ.சி. படத்துக்கு மாலை போடுகிற வீட்டிலேயே ராஜுலா படத்தையும் மாட்டுவார்கள். மாட்டட்டும், இரண்டும் ஒரே சண்டையின் இரண்டு பக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும்.

ஆ, ஒன்று விட்டுவிட்டேன். ராஜுலாவோடு அதே 1926-இல் கட்டிய ஜோடிக் கப்பல் ரோனா. அதுவும் இந்தப் பாதையில்தான் ஓடியது. போர் வந்ததும் இரண்டும் படைகளை ஏற்றப் போய்விட்டன. 1943 நவம்பர் 26, அல்ஜீரியா கரைக்கு அப்பால், விமானத்திலிருந்து வானொலி அலையால் வழிநடத்திய ஜெர்மன் குண்டு ஒன்று ரோனாவைத் தாக்கியது. அமெரிக்கச் சிப்பாய்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். இந்திய மாலுமிகளும் நூறு பேருக்கு மேல். போர் ரகசியம் என்று அமெரிக்க அரசாங்கம் ரொம்ப காலம் விவரத்தை வெளியே விடவில்லை. ராஜுலா தப்பித்துத் திரும்பி வந்தது. நம் வீடுகளில் ரோனா என்ற பெயர் கேட்டதுண்டா? எங்கள் தோட்டத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தக் கப்பல் என்று கேட்காதீர்கள், எந்த வருஷம் என்று கேளுங்கள். 1910-க்கு முன்பு என்றால் ஒப்பந்தக் கூலியாக வந்திருக்கலாம், அந்த முறையை அந்த வருஷம்தான் மலாயாவில் ஒழித்தார்கள். அதற்குப் பிறகு 1938 வரைக்கும் என்றால் பெரும்பாலும் கங்காணி. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில், அதாவது அடுத்தவர் கட்டும் கப்பல் கூலியில், கூலி ஆட்களை அனுப்புவதைத் தடுத்துவிட்டது. அதன் பிறகு வந்தவர் சொந்தக் காசிலோ, உறவுக்காரர் அனுப்பிய காசிலோ வந்திருப்பார். 1953-இல் குடிநுழைவுச் சட்டமும் இறுகியது. 1926-க்கு முன்பு வந்தவர் ராஜுலாவில் வந்திருக்கவே முடியாது, வயலினை நிறுத்துங்கள்.

ராஜுலா 1973 வரைக்கும் அதே பெயரில் ஓடியது. அப்புறம் இந்திய அரசுக் கம்பெனி வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது, அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் உழைத்த கப்பலுக்குப் பெயர் மாற்றி ஒரு வருஷம்! அதற்கப்புறம் சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985-இல் அதில் தீப்பிடித்தது. அதைப் பற்றித் தனி வீடியோ போடுகிறேன். சிதம்பரத்தில் வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய பேர் இருக்கிறீர்கள். சாப்பாட்டைப் பற்றி மறக்காமல் எழுதுங்கள், டெக்கில் என்ன கொடுத்தார்கள், காசுக்கா சும்மாவா என்று. பழைய பாஸ்போர்ட் இருந்தால் முத்திரைப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், பெயரையும் எண்ணையும் விரலால் மறைத்துவிட்டு. தேதி தெரிந்தால் போதும். அத்தை, அந்தப் படத்தை இங்கே மாட்டாதீர்கள், சுவர் ஈரம்!