சுருட்டுக்கு முந்தைய கதை

அவையோருக்கு வணக்கம்.

புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் என்றதும் 1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் எடுத்த சர்ச்சில் படம்தான் நினைவுக்கு வரும். சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, அவர் முகம் சிவந்த நொடியைப் பிடித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் கைக்கு முன்பு கைகொடுத்தவர்களின் கதை.

கார்ஷ் ஓர் ஆர்மீனியர். 1908இல், இன்றைய துருக்கியிலுள்ள மார்தினில் பிறந்தவர். ஆர்மீனியர் இனப்படுகொலையின் நடுவே வளர்ந்த பிள்ளை. 1922இல் குடும்பம் சிரியாவின் அலெப்போவுக்குத் தப்பி வந்தது. அங்கிருந்து பெற்றோர் அவரைக் கனடாவிலிருந்த தாய்மாமன் ஜார்ஜ் நாகாஷிடம் கப்பலேற்றி அனுப்பினார்கள். பையனுக்கு மருத்துவராக ஆசை. ஷெர்புரூக்கில் ஸ்டுடியோ வைத்திருந்த மாமன் ஒரு சின்ன கேமராவைக் கொடுத்தார். அதில் எடுத்த படமொன்றைக் கார்ஷ் பள்ளித் தோழனுக்குப் பரிசாகத் தந்தார். தோழன் அதைச் சொல்லாமல் போட்டிக்கு அனுப்ப, முதல் பரிசு 50 டாலர்! பத்து டாலரைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு மீதியைப் பெற்றோருக்கு அனுப்பினார். அந்த நாற்பது டாலரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

1928இல் மாமன் அவரை பாஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜான் காரோவிடம் தொழில் பழக்கம், அவரும் ஆர்மீனியர்தான். ஆறு மாதம் என்று போனவர் மூன்று ஆண்டுகள் தங்கினார். காரோ இயற்கை வெளிச்சத்தில் மட்டுமே படமெடுப்பார். பொழுது சாய்ந்ததும் வேலை நின்றுவிடும். பாடகர்களும் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஸ்டுடியோவில் கூடிவிடுவார்கள். அவர்களுக்குப் பானம் ஊற்றிக் கொடுத்தபடி கார்ஷ் காதைத் தீட்டி வைத்திருந்தார். அதுவே தன் பல்கலைக்கழகம் என்று பின்னாளில் சொன்னார்.

1932இல் ஒட்டாவாவில் சொந்த ஸ்டுடியோ. ஆரஞ்சுப் பழப்பெட்டிகளின் மேல் துணி போர்த்தி, அவற்றையே மேசை நாற்காலி ஆக்கிக்கொண்டார். சில வாரங்களில், உதவியாளருக்குக் கொடுத்த சம்பளத்தையே கடனாகத் திரும்ப வாங்கி வாடகை கட்டினார். உள்ளூர் நாடகக் குழுவில்தான் அவருக்கு மின்விளக்கின் அருமை புரிந்தது. விளக்கை நகர்த்த நகர்த்த ஒரே முகம் வேறு வேறு மனநிலை கொள்வதை அங்கே மேடையில் கண்டார்.

அந்தக் குழுவில், கனடாவில் பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியாக இருந்த கவர்னர் ஜெனரலின் மகனும் நடித்தார். அவரைப் படமெடுக்க வாய்ப்பு வந்தபோது கார்ஷ் பதற்றத்தில் தடுமாறிவிட்டார். படங்கள் தெளிவில்லாமல் போயின. அந்த இளைஞர் கோபிக்கவில்லை. மறுபடியும் வந்து உட்கார்ந்தார். பிறகு தன் பெற்றோரையும் அழைத்து வந்தார். தந்தை இடையில் வாள், மார்பில் பதக்கங்கள் என முழு அரச உடையில் வந்து நின்றார். இம்முறை கார்ஷின் கை நடுங்கவில்லை.