தனி அடுப்பு, தனிச் சாவி

(காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்லூரி மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் பேசியது. மேடையில் நீட்டிய இடங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.)

பிள்ளைகளுக்கும், பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

காலையில் உங்களை ஒரு பெரிய வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள், நானும் வந்தேன். நீங்களெல்லாம் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வளவைச் (உள்முற்றத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) சுற்றியிருந்த அறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கதவுக்கும் தனிப் பூட்டு. ஏன் என்று ஒரு தம்பி கேட்டதற்கு அந்த வீட்டு ஆச்சி சொன்னார்: "மகனுக்கு ஒரு அறை தம்பி. கல்யாணமானதும் வேறு வச்சிருவோம்ல."

வேறு வைத்தல். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமான பிறகு, அவனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள்ளேயே தனிக் குடும்பமாக்கிவிடுவார்கள். கூரை ஒன்று, வாசல் ஒன்று. அடுப்பு வேறு, வரவுசெலவு வேறு. சண்டை எதுவும் இருக்காது; நல்லது கெட்டதுக்கு எல்லோரும் அதே முற்றத்தில்தான் நிற்பார்கள். பழங்காலத்தில் பெண்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள் என்று கதைவிட நான் வரவில்லை. யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவைத்த காலமும் அதுதான். ஆனாலும் இந்த ஒரு ஏற்பாட்டில் விவரம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

காதலிக்கும் இருவருக்கு நடுவிலும் அந்தக் கதவு வேண்டும். சரி, இப்போது உங்கள் போனுக்கு வருகிறேன்.

கல்லூரியில் புகார்க் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு மாணவி வந்தாள். அடி உதை எதுவும் இல்லை. அவள் போனின் பாஸ்வேர்ட் அவளைக் காதலித்தவனிடம் இருந்தது, அவ்வளவுதான் என்றாள். பேசப் பேச மற்றதெல்லாம் வந்தது. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எட்டு மணி நேரத்தோடு நின்றுவிடும் இல்லையா, அது நிற்பதற்குள் மறுபடி அனுப்பிவிட வேண்டும். இரவு தூக்கத்துக்கு நடுவில் அலாரம் வைத்து எழுந்து அனுப்பியிருக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாய்க்கான ஏடிஎம் கார்டும் அவனிடம். தோழிகளின் எண்கள் ஒவ்வொன்றாக பிளாக் ஆகியிருந்தன. அவனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அக்கறைதான் மேம்" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். எனக்குப் பயமாக இருந்தது அதுதான்.

அக்கறையா, ஆட்டிவைப்பதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். சின்னதாக ஒரு 'மாட்டேன்' சொல்லிப் பார். "இன்றைக்குப் பேச முடியாது, படிக்கணும்." "இந்த போட்டோவை அனுப்ப மாட்டேன்." அவன் முகம் வாடலாம், வருத்தப்படலாம், அது மனித இயல்பு. ஆனால் அந்த 'மாட்டேன்' சொல்வதற்கு முன்பே உனக்கு வயிற்றைக் கலக்குகிறதென்றால், விடை கிடைத்துவிட்டது. பையன்களுக்கும் இதே சோதனைதான். உங்களிடம் 'மாட்டேன்' சொல்ல அவள் பயப்படுகிறாளா என்று பாருங்கள். பையன்களைப் படுத்திவைக்கும் பெண்களும் உண்டு. அந்தப் பையன் சிரிப்பார்களே என்று வெளியே சொல்வதில்லை.

தமிழ் வாத்தியாரம்மா என்பதால் இலக்கியம் இல்லாமல் இறங்க முடியாது. மடலேறுதல் படித்திருப்பீர்கள். சங்கப் பாட்டின் தலைவன் பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் கிடைக்காவிட்டால் உயிர் போகட்டும் என்று தெருவில் வருவான். இதை நடத்தும்போது கடைசி பெஞ்சிலிருந்து விசில் வரும். தொல்காப்பியர் விசில் அடிக்கவில்லை. ஏறிய மடலைத் தூக்கிப் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காதலில், போட்டார். அன்பின் ஐந்திணைக்குள் விடவில்லை. அதே நூற்பாவில் அதற்குத் துணையாக 'மிக்க காமத்து மிடல்' என்பதையும் வைத்தார். மிடல் என்றால் வலிமை. ஆசை முற்றி வலுவைக் காட்டுவது. ஊரைக் கூட்டிச் சாகப்போகிறேன் என்று மிரட்டுவதும், கையைப் பிடித்து முறுக்குவதும் ஒரே பட்டியலில். (ஏறுவேன் என்று சொல்வதை மட்டும் அகத்துக்குள் விட்டுவைத்தார்கள். அது வேறு விவாதம், தேநீர் வேளையில் வாருங்கள்.)

இன்றைய மடல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. பிளேடால் கீறிய மணிக்கட்டு, கீழே உடைந்த இதயம். இப்படி ஒன்று வந்தால் அலட்சியம் செய்யாதே, நீ மட்டும் சுமக்கவும் செய்யாதே. அவன் வீட்டிலோ நண்பனிடமோ உடனே சொல். 14416 டெலி மானஸ் எண், மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள். அவனுக்கு வேண்டியது சிகிச்சை. நீ அவனோடு ஒட்டிக்கொண்டிருப்பது அதற்கு மருந்தாகாது.

நண்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குறுந்தொகைப் பாட்டுகளில் யார் யாரிடம் சொன்னது என்று காட்டும் துறைக்குறிப்புகளில் 'கழறிய பாங்கன்' அடிக்கடி வருவான். பாங்கன் என்றால் தோழன். கழறுதல் என்றால் இடித்துச் சொல்வது. தலைவன் நிலைகுலைந்து நிற்கும்போது தோழனின் முதல் வேலை "உனக்கென்னடா ஆச்சு" என்று கண்டிப்பது. இப்போதைய பாங்கன்கள் பைக் கொடுக்கிறார்கள், அவள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று துப்புச் சொல்கிறார்கள், "விடாதே மச்சான்" என்கிறார்கள். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். அந்தச் செய்தியைப் படித்தபோது, ஒரு வாரம் முன்பு அவனைக் கழற ஒருவன் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

"நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம், சொல்லிக்கொடுத்தே கெடுக்காதீர்கள்" என்று வரும் வழியில் ஒரு பெரியவர் சொன்னார். ஐயா, உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கு: உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் 24 சதவீதத்தினர், ஏறக்குறைய நாலில் ஒருத்தி, துணையிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கல்யாணமானவர்களும் இதில் அடக்கம். சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்களா? அமெரிக்காவில் வட கரோலினாவில், காதல் உறவில் வன்முறையைத் தடுக்க, 'சேஃப் டேட்ஸ்' என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பத்துப் பாடம், ஒரு நாடகம், ஒரு போஸ்டர் போட்டி வைத்தார்கள். நாலு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளிடம் அடிப்பதும் குறைவு, அடிபடுவதும் குறைவு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டாம் என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும், அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறை மூன்று ஆண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. 77ஆம் பிரிவு முக்கியம்: அந்தரங்கப் படத்தை எடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்பியவன் குற்றவாளி. "நானே கொடுத்த போட்டோ, இனி என்ன செய்வது" என்று யாரும் முடங்க வேண்டாம். உதவிக்குக் கூப்பிட, பெண்களுக்கு 181, பதினெட்டு நிறையாதவர்களுக்கு 1098.

எண்ணைச் சொல்லிவிட்டேன். ஆனால் பிள்ளைகள் ஏன் கூப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த லைவ் லொகேஷன் மாணவியின் மீதிக் கதையைச் சொல்கிறேன். குழுவில் கூடி அவள் அப்பாவை வரவழைத்தோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் முதலில் அவள் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரமே டிசி. ஆறு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது. பையனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். செமஸ்டர் தேர்வை ஒழுங்காக எழுதினான். அந்த ஹாலில் கண்காணிப்பாளராக நின்றது நான்தான். அவன் கேட்டு, கூடுதல் விடைத்தாளும் கொடுத்தேன்.

பின்வரிசைக்குத்தான் இதைச் சொல்கிறேன். பிள்ளை உங்களிடம் வாயைத் திறந்த அன்றைக்கே அவள் படிப்பும் போனும் போய்விடும் என்றால், அடுத்தவள் வாயே திறக்க மாட்டாள். அவனிடமிருந்து சாவியை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்வதற்குப் பேர் காப்பாற்றுவது இல்லை.

நாலு மணி வரை எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தனியாகவும் வரலாம், தோழியோடும் வரலாம், அப்பா அம்மாவும் வரலாம். பதினெட்டு நிறையாத பிள்ளைக்கு யாராவது பாலியல் கொடுமை செய்திருந்தால் அதை நான் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி வந்தவர் கேட்காமல் யாரையும் கூப்பிட மாட்டேன். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.