பங்குனியில தனுஷ்கோடி மணல்ல நடக்குறப்ப எங்க கால் வைக்கணும்?

வணக்கம் மக்களே. ராமேஸ்வரத்துலருந்து தனுஷ்கோடி போற ரோடு, கோதண்டராமர் கோவில் விலக்குப் பக்கம் நிக்கிறோம். மணி ஆறே கால். பங்குனில இங்க நடக்கணும்னா ஒன்பதுக்குள்ள முடிச்சிருங்க. அப்புறம் மணல் சுடும், காத்து ஏறும், கேமராவுக்குள்ள மண்ணு போயிரும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி வேணும்.

இதான் அடம்பு. ஊதாப் பூ காலைல விரியும், வெயில் ஏற ஏற சுருங்கிரும். பூவை எல்லாரும் படம் எடுக்குறாங்க, நீங்க இலைக்காம்பைப் பாருங்க. இலை ஆட்டுக்குளம்பு மாதிரி ரெண்டா பிளந்திருக்குல்ல, அது காம்போட சேர்ற இடத்துல ரெண்டு சின்னப் புள்ளி. அதுல தேன் கசியும். எறும்பு வந்து மொய்க்குது பாருங்க. கொடியை இழுத்துப் பார்க்காதீங்க. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் புடிச்சு வச்சிருக்கு.

பக்கத்துல பந்து பந்தா முள்ளு நிக்குதே, அது ராவணன் மீசை. பெண் செடியோட கதிர் தான் இப்படி உருண்டையா வரும். காஞ்சதும் கழண்டு காத்துல உருண்டு போய் விதை போடும். இலை நுனி ஊசி, குத்துனா உள்ளயே ஒடிஞ்சிரும். செருப்புல வராதீங்க, ஷூ போடுங்க. எருக்கஞ்செடில வெந்தய வரியன் பட்டாம்பூச்சி இருக்கும், போற போக்குல பாத்துக்கலாம்.

தண்ணில நிக்கிறது பூநாரை. சீசன் முடியுற நேரம், கூட்டம் குறைவாத் தான் இருக்கும். 2025-ல இந்தப் பகுதியை பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்குற மாதிரி நில்லுங்க, இல்லன்னா கருப்பு நிழல் தான் படத்துல விழும். மேயுற பறவையெல்லாம் ஒண்ணா தலையைத் தூக்குச்சுன்னா நீங்க ரொம்பக் கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம், பின்வாங்குங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

இனிமே தான் கவனம். உப்புக்கொத்திங்கிற சின்னக் கரைப்பறவை கூடு கட்டாது. வெறும் மணல்ல ஒரு சின்னக் குழி, அதுல ரெண்டு மூணு முட்டை, மணல் நிறம், கருப்புப் புள்ளி. மிதிச்ச பிறகு தான் தெரியும். குருவி றெக்கை ஒடிஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டு ஓடுச்சுன்னா அது நடிப்பு, முட்டை உங்க காலடில தான் எங்கயோ இருக்கு. அது பின்னாடி போகாதீங்க. வந்த சுவட்டுலயே திரும்புங்க. தாய் விலகி நின்னா வெயில்ல முட்டை வெந்துரும். 2023-ல அனுமான் உப்புக்கொத்தின்னு தனி இனமா பிரிச்சாங்களே, அது தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்துப் பறவை தான்.

அதனால மணல் மேட்டுப் பக்கம் நடக்க வேண்டாம், அலை நனைச்ச ஈர மணல்ல நடங்க. அங்க ஆமைச் சுவடும் நல்லாத் தெரியும். துடுப்புக் குறி இடது, வலதுன்னு மாறி மாறி விழுந்து, முக்கால் மீட்டர் அகலம் இருந்தா பங்குனி ஆமை. ரெண்டு பக்கமும் ஜோடியா, இன்னும் அகலமா இருந்தா பேராமை. சுவடு மேல ஏறித் திரும்புற இடத்துல மணல் வாரி இறைச்சிருந்தா அங்க முட்டை இருக்க வாய்ப்பிருக்கு. மணல் கலையாம வெறுமனே வளைஞ்சு திரும்பியிருந்தா முட்டையிடாமப் போயிருக்கும். குச்சி விட்டுக் குத்திப் பார்க்காதீங்க, முட்டை உடையும். இடத்தைப் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்க. அவங்க முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாத்துவாங்க, 45-லருந்து 60 நாளுக்குள்ள குஞ்சு வரும்.