இளம் வயதில் நினைவு தடுமாறும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

மறதி என்று சொல்லிக்கொண்டு யார் என் அறைக்குள் வந்தாலும், நரம்பியல் மருத்துவன் என்ற முறையில் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை நாளாக?" என்பதுதான். எழுபது வயதுப் பெரியவரை அழைத்து வந்த மகன், "ரெண்டு மூணு வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாக" என்று இழுப்பார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தாயோ, "பொங்கலுக்குக்கூட நல்லாத்தான் கோலம் போட்டா டாக்டர், எல்லாம் இந்த ஒரு மாசத்துலதான்" என்பார். இந்த இரண்டாவது பதிலைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்காருவேன். இளம் வயதில், சில வாரங்களுக்குள் நினைவும் பேச்சும் குணமும் மாறிப்போனால், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கிக்கொண்டிருக்கலாம் என்ற ஐயம் எழ வேண்டும். ஆட்டோ இம்யூன் நோய் என்று நாங்கள் சொல்லும் தன்னெதிர்ப்பு நோய்களில் மூளையைத் தொடுபவை பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வணிகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தவர். அவருடைய தாயார் கையோடு கொண்டுவந்தது பால் கணக்கு எழுதும் சின்ன நோட்டு. அரை லிட்டர், ஒரு லிட்டர் என்ற கணக்குகளுக்குப் பக்கத்திலேயே, மகளுக்குத் தலைவலியும் காய்ச்சலும் வந்த நாள், இரவு முழுவதும் தூங்காத நாள், பக்கத்து வீட்டார் தன் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கத்திய நாள், சாப்பிட்ட ஐந்தாவது நிமிடத்தில் "இன்னும் சாப்பாடு போடலையா?" என்று கேட்ட நாள் எல்லாவற்றையும் அவர் குறித்து வைத்திருந்தார். முதல் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் இடையே பத்தொன்பது நாள். அதற்குள் கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது, மனநோய்க்கான மாத்திரைகளும் தொடங்கியாகிவிட்டது. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. நேற்றுவரை நன்றாக இருந்த பெண் சுவரைப் பார்த்துப் பேசினால், எந்தக் குடும்பத்துக்கும் மூளையழற்சி, அதாவது மூளை வீக்கம், என்பது முதலில் தோன்றாது. என்னிடம் வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். வாய் மட்டும் எதையோ மென்றுகொண்டே இருந்தது.

அந்த வாயசைவும், தூக்கமின்மையும், வலிப்பும், திடீர் மனக்குழப்பமும் ஒன்றுசேர்ந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான மூளையழற்சி என்று அதைச் சொல்கிறோம். ஸ்பெயினைச் சேர்ந்த யோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 2007இல் 12 பெண்களிடம் இந்த நோயைக் கண்டு, அதற்குக் காரணமான, ஆன்டிபாடி என்று சொல்லும், நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் அடையாளம் காட்டினார்கள். அதற்கு முன்பு இப்படி வந்தவர்களில் எத்தனை பேர் மனநோயாளிகள் என்ற முத்திரையோடே வாழ்ந்து முடிந்தார்களோ என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. 2013இல் இந்த நோயாளிகள் 577 பேரைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள். பாதிப்பேர் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்கள்.

என்.எம்.டி.ஏ. ஏற்பி என்பது நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். புதிதாக ஒன்றைக் கற்பதற்கும் அதை நினைவில் பதித்துக்கொள்வதற்கும் அது வேண்டும். எதிர்ப்பொருள் வந்து இந்த ஏற்பிகளை இரண்டிரண்டாகப் பிணைக்க, நரம்பணு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் ஏற்பி குறையக் குறைய, நினைவு பதிவதில்லை. ஆனால் அணு சாவதில்லை. எதிர்ப்பொருளை அகற்றினால் ஏற்பிகள் மெல்ல மறுபடி மேலே வருகின்றன. அல்சைமர் நோயில் அணுக்களே அழிவதால் போனது போனதுதான். இங்கே போனதில் பெரும்பகுதி திரும்பி வரும் என்பதால்தான், இந்த நோயைத் தவறவிடுவது அவ்வளவு பெரிய பிழையாகிறது.

உடல் தன் மூளையையே ஏன் தாக்குகிறது என்ற கேள்விக்கு, சில பெண்களிடம் வியப்பான விடை இருக்கிறது. சினைப்பையில் வரும் டெரட்டோமா என்ற கட்டிக்குள் முடி, பல் போன்றவற்றோடு நரம்புத் திசுவும் வளர்ந்திருக்கும். அதைப் பார்த்து நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் எதிர்ப்பொருள், மூளையில் இருக்கும் அதே புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தலையில் நோய் என்று வந்த பெண்ணுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொன்னால், உறவினர்கள் எங்களை விசித்திரமாகப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் அதை அகற்றுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. இன்னும் சிலருக்கு, ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல் ஆறிய சில வாரங்களில் இந்த நோய் தலைகாட்டுவதும் உண்டு.

சோதனைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ. படம் இயல்பாக இருக்கிறது என்றவுடன், "மூளையில் ஒன்றுமில்லை, மனசுதான் காரணம்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த நோயில் பலருக்கு எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கும். மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பெரும்பாலும் மாறியிருக்கும். உறுதி செய்வது முதுகுத்தண்டு நீரில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. ரத்தத்தில் மட்டும் பார்த்தால் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு அது அகப்படாமல் போகும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று நம் ஊர்களில் ஒரு பயம் இருக்கிறது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே ஊசி போவதால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. இரண்டொரு நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான்.

சிகிச்சை என்பது ரத்தக்குழாய் வழியாக உயர் அளவு ஸ்டீராய்டு, கொடையாளர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களான இம்யூனோகுளோபுலின், ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றித் தீய எதிர்ப்பொருளை அகற்றும் பிளாஸ்மா மாற்றம், இவற்றுக்கு அடங்காவிட்டால் நோயெதிர்ப்பைத் தணிக்கும் ரிடுக்சிமாப் என்ற மருந்து. இம்யூனோகுளோபுலின் எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதால், ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு ஐந்து நாளில் 100 கிராம் வேண்டியிருக்கும். செலவு லட்சங்களில் போகும். கையில் பணம் இல்லையென்று தயங்கும் குடும்பத்திடம், செலவு குறைந்த பிளாஸ்மா மாற்றத்தைப் பற்றியும் மருத்துவர் பேச வேண்டும். நான் சொன்ன 2013 ஆய்வில், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் ஐந்தில் நால்வர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்குத் திரும்பினார்கள். சிகிச்சையை முன்கூட்டித் தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது.

எல்லா நோய்களும் இவ்வளவு ஆரவாரத்தோடு வருவதில்லை. உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். மூட்டுவலியையும் முகத்தில் படரும் சிவப்பையும் எங்களிடம் சொல்பவர்கள், "தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்பதைச் சொல்லத் தயங்குகிறார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது, சொல்ல வந்த சொல் வாயில் வராமல் நிற்பது, கணக்கு எழுதும்போது வரி தப்புவது ஆகியவற்றைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவார்கள். அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம், லூபஸால் நரம்பிலும் மனத்திலும் வரக்கூடிய 19 கோளாறுகளை 1999இல் வகுத்தபோது, அறிவாற்றல் குறைவையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. காரணம் ஒன்றல்ல: எதிர்ப்பொருள்கள், ரத்தத்தை உறையவைக்கும் தன்மையால் மூளையில் ஏற்படும் சிறு அடைப்புகள், சோர்வு, மனத்தளர்ச்சி, சில நேரம் நாங்கள் கொடுக்கும் ஸ்டீராய்டே. அடிக்கடி கருக்கலைந்த ஒரு பெண்ணுக்கு மறதியும் இருந்தால், ரத்தம் உறைவது தொடர்பான சோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நோயில் சிந்தனையின் வேகம் குறைகிறது. இரைப்பையின் சுவரைத் தாக்கும் ஒருவகைத் தன்னெதிர்ப்பால் பி12 சத்து உறிஞ்சப்படாமல் போனாலும் நினைவு மங்கும். ஊசியால் அதைச் சரிசெய்யலாம். தைராய்டு சுரப்புக் குறைவால் வரும் மறதியும் சரிசெய்யக்கூடியதே. தைராய்டு எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மறதிக்குக் காரணம் சொல்லிவிடக் கூடாது. உடல்நலத்தோடு இருக்கும் பலரிடமும் அது இருக்கும். இந்த உரையைக் கேட்டுவிட்டு, சாவியை வைத்த இடம் மறந்த ஒவ்வொருவரும் முதுகுத்தண்டு நீரைச் சோதிக்க ஓட வேண்டியதில்லை. உறக்கக் குறைவும் கவலையும் ரத்தசோகையும்தான் இளையவர்களின் மறதிக்கு மிகச் சாதாரணமான காரணங்கள்.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்குக் கட்டி எதுவும் இல்லை. சிகிச்சை தொடங்கிய மூன்றாம் வாரத்தில் கண் திறந்து பார்த்தார். இரண்டாம் மாதம் நடந்து வீட்டுக்குப் போனார். நினைவும் திட்டமிடும் திறனும் கடைசியாகத்தான் திரும்பும். சிலருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகும் என்று தாயாரிடம் சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் மாதம் வந்தபோது, தேநீர் போடச் சொன்னால் தூள் போடாமல் பாலையும் சர்க்கரையையும் மட்டும் கொண்டுவந்து தருகிறாள் என்று அவர் சொன்னார். செய்ய வேண்டியதை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அடுப்பு மேடையில் ஒட்டச் சொன்னோம். படிப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டார். பதினான்காம் மாதம் அவரே தனியாகப் பேருந்து ஏறி வந்தார். கையில் அதே பால் கணக்கு நோட்டு; அந்த மாதக் கணக்கு அவருடைய கையெழுத்தில் இருந்தது.