25 கிலோமீட்டர் ஸ்கூட்டருக்கு ஆர்சி வேண்டாமா?

அடுத்த கேள்வி. "எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்க்கப் போனேன். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம்தான், லைசென்ஸ், ஆர்சி எதுவும் வேண்டாம்னு கடைக்காரர் சொல்றார். வேணும்னா ஸ்பீடை 45 ஆக்கித் தர்றேன்னும் சொல்றார். நம்பி வாங்கலாமா?"

அவர் முதல்ல சொன்னது பாதி சரி. ரெண்டாவதா சொன்னது மொத்தமும் வம்பு.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல விதி 2, உட்பிரிவு 'யூ'ன்னு ஒண்ணு இருக்கு. மோட்டாரோட முப்பது நிமிஷ பவர் 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் கீழ இருக்கணும், உச்ச வேகமும் 25-க்குக் கீழ இருக்கணும். இது ரெண்டோட, விதியில சொல்ற மத்த நிபந்தனைகளும் சரியா இருந்தா அது மோட்டார் வாகனக் கணக்குலயே வராது. ஆனா அதைச் சொல்ல வேண்டியது கடைக்காரர் இல்லீங்க, கம்பெனியும் இல்ல. விதி 126-ல பேர் வர்ற சோதனை நிறுவனம் ஒண்ணு வண்டியைச் சோதிச்சு சான்று கொடுத்திருக்கணும். புனேல ஏஆர்ஏஐ, மானேசர்ல ஐகேட், நம்ம ஒரகடத்துல ஜிஏஆர்சி, இந்த மாதிரி இடங்கள்.

முப்பது நிமிஷ பவர்னா, மோட்டார் அரை மணி நேரம் விடாம தாங்கி ஓடக்கூடிய பவர். மேடு ஏறும்போது அதே மோட்டார் கொஞ்ச நேரம் அதைவிட ஜாஸ்தியா இழுக்கும், அது குத்தமில்ல. அதனால ஸ்டிக்கர்ல 250-ன்னு இருக்கிறதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. போதாததுக்கு, விதி கேக்கிறது 250-க்குக் 'குறைவா'. சரியா 250 இருந்தாலே விலக்கு கிடையாது.

கடையில அந்தச் சான்றோட நகலைக் கேளுங்க. அதுல இருக்கிற மாடல், வேரியன்ட், மோட்டார், பேட்டரி விவரத்தை முன்னாடி நிக்கிற வண்டியோட ஒத்துப் பாருங்க. லெட் ஆசிட் பேட்டரி வேரியன்ட் சான்றைக் காட்டி லித்தியம் பேட்டரி வண்டியைத் தள்ளிவிட்டா வாங்காதீங்க. பில்லுல சேசிஸ் நம்பர், மோட்டார் நம்பர் ரெண்டும் ஏறணும்.

இப்போ அந்த 45. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்ல ஒரு ஒயரை மாத்துறதோ, செட்டிங்கை மாத்துறதோ, அஞ்சு நிமிஷ வேலைதான். மாத்தின நிமிஷமே விலக்கு போச்சு, வண்டி மோட்டார் வாகனம் ஆயிடுது. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூணும் கட்டாயம். லைசென்ஸ் இல்லாம ஓட்டினா சட்டத்துல 5,000 ரூபாய் அபராதம், இன்சூரன்ஸ் இல்லாததுக்கு முதல் தடவை 2,000. யார் மேலயாவது இடிச்சா நஷ்டஈடு உங்க கையிலிருந்துதான் போகும். மாத்திக் கொடுக்கிற டீலருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுல, வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஒரு வருஷம் வரைக்கும் சிறையோ இருக்கு. இதை அவர்கிட்டயே சொல்லிப் பாருங்க, பேச்சு மாறும்.

"சரி, அப்புறமா ஆர்டிஓ ஆபீஸ்ல பதிவு பண்ணிக்கிறேன்"னு நினைச்சா, அதுவும் நடக்காது. பதிவுக்குத் வண்டி ரோட்டுல ஓடத் தகுதியானதுன்னு தயாரிப்பாளர் தர்ற படிவம் 22 வேணும், அரசோட வாகனப் பதிவுத் தளமான வாஹன் போர்ட்டல்ல அந்த மாடல் ஏறியிருக்கணும். வேகமான வண்டியா சோதனையே பாஸ் பண்ணாத மாடல் அங்க எப்படி வரும்? 45 வேகம் தேவைன்னா பதிவு பண்ணி பச்சை நம்பர் பிளேட் போட்டு ஓட்டுற எலெக்ட்ரிக் வண்டியையே வாங்கிடுங்க.

இன்னொண்ணு, டெஸ்ட் ரைடுல மீட்டரைப் பார்க்காதீங்க, போன்ல ஜிபிஎஸ் ஸ்பீடைப் பாருங்க. சமதரையில 25-ஐத் தாண்டுச்சுன்னா, ஒயரை ஏற்கெனவே மாத்திட்டாங்களான்னு கேட்டுட்டுத்தான் பணத்தை எடுக்கணும்.