புரிந்ததா என்று கேட்காதீர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மொரீஷியஸில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவது, நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதில் நர்ஸ்களும் டாக்டர்களுமான நாங்கள் செய்யும் தவறுகளைப் பற்றி.

முதலில் என் தவறு. சர்க்கரைப் பரிசோதனைக்கு வரவேண்டிய ஒரு வயதான அம்மாவிடம், "நாளைக்குக் காலையில் கரேம் இருந்து வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் நேரத்துக்கு வந்துவிட்டார். ரத்தம் எடுத்தோம். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஒரு ஜோடி டால் பூரி மட்டும்தான் மிஸ். நேத்திலிருந்து கறி மீன் எதுவும் தொடவில்லை" என்றார்.

நம் வீடுகளில் கரேம் என்றால் என்ன? காவடிக்கு முன்னால் பத்து நாள் இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் இருப்போமே, அதுதான் கரேம். அந்த அம்மா ஒரு குறையும் இல்லாமல் விரதம் இருந்துவிட்டுத்தான் வந்திருந்தார். "தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஆனால் கோப்பில் எப்படி எழுதினோம் தெரியுமா? 'நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை'.

இன்னொருவர் ரத்த அழுத்த மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று போட்டுக்கொண்டிருந்தார். நாம் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் ரத்த அழுத்தத்துக்குத் தான்சியோன் என்போம். தமிழிலோ டென்ஷன் என்றால் மனப் பதற்றம். மகனோடு சண்டை வந்த நாளில் மட்டும் அவர் மாத்திரை போட்டார். மனசு அமைதியாக இருக்கும் நாளில் மாத்திரை எதற்கு? அவர் கணக்குப்படி அது சரிதான்.

மொரீஷியஸில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். வீட்டில் கிரியோல், பத்திரிகை பிரெஞ்சில், அரசாங்கக் காகிதம் ஆங்கிலத்தில், கோயிலில் தமிழ். டாக்டர்கள் இந்தியாவிலும் பிரான்சிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் படித்துவிட்டு வருகிறார்கள். அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம், அது பெரிய விஷயம். ஆனால் மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது அந்த மாத்திரை எதற்கு என்று தெரியாவிட்டால் இலவசத்தால் என்ன பயன்? பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள தீவு இது. சர்க்கரை நோயோ தினமும் வீட்டில் நோயாளியே பார்த்துக்கொள்ள வேண்டிய நோய்.

உடல்நலத் தகவலைத் தேடி, புரிந்துகொண்டு, அதை வைத்து ஒரு முடிவெடுக்கும் திறனுக்குச் சுகாதார எழுத்தறிவு என்று பெயர். படிப்பு வேறு, இது வேறு. எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது டாக்டர் பத்து நிமிஷம் விளக்கினார். இவ்வளவு வருஷம் நர்ஸாக இருந்த நானும் தலையைத் தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் என் கணவர் "என்ன சொன்னார்?" என்று கேட்டார். கட்டுப் பிரிக்கும் தேதியைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. பயத்தில் காது அடைத்துவிடுகிறது.

2006-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரை டப்பாவில் எழுதியிருப்பதை நோயாளிகளிடம் காட்டினார்கள்: 'இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு முறை.' வாசிப்புத் திறன் குறைந்தவர்களிலும் சுமார் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகவே சொல்லிவிட்டார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள்" என்றபோது நான்கை எடுத்துக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம்தான். வாயால் சொல்வதற்கும் கையால் எடுப்பதற்கும் இடையில் பாதிப்பேர் காணாமல் போனார்கள்.

இதைப் படித்தபிறகு என் வகுப்பை மாற்றினேன். படம் போட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, காலி மருந்து டப்பாக்களையும் ஒரு கிண்ணம் அவரை விதையையும் கொண்டுபோனேன். ஒருவர் நர்ஸ், ஒருவர் நோயாளி. நோயாளியாக நடிப்பவர் அவரை விதைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைக்க வேண்டும். முதல் நாளில் சிரிப்பும் கூச்சமுமாகப் போகும். அப்புறம்தான் தெரியும், நர்ஸாக நடித்தவர் சொன்னது எவ்வளவு அரைகுறை என்று.

வகுப்பில் ஒரு கேள்விக்குத் தடை போட்டேன். "ஊ ஃபின் கோம்ப்ரான்?", அதாவது "புரிந்ததா?" இதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: "வி, மிஸ்", அதாவது "ஆமாம், மிஸ்." டாக்டர் முன்னால் இல்லை என்று சொல்ல நம் பெரியவர்களுக்கு வாய் வராது. அது மரியாதை, புரிதல் இல்லை.

அதற்குப் பதில் இப்படிக் கேட்கச் சொன்னேன்: "நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் என்ன சொல்வீங்க?" பரீட்சை எனக்குத்தான், உங்களுக்கு இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். "சொல்லுங்க பார்ப்போம்" என்று வாத்தியார் குரலில் கேட்டால் அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்வார்கள்.

டாக்டர்கள் உடனே சொல்வது: "நேரம் எங்கே இருக்கிறது?" வெளியே நூறு பேர் காத்திருப்பது உண்மைதான். 2003-இல் சான் பிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளோடு டாக்டர்கள் பேசியதைப் பதிவு செய்து பார்த்தார்கள். புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தை மட்டுமே திருப்பிக் கேட்டுச் சரிபார்த்திருந்தார்கள். அப்படிச் சரிபார்த்தவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை அதிகம் கட்டுப்பாட்டில் இருந்தது. அதற்காக அந்தச் சந்திப்புகள் நீளவும் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. இன்று இரண்டு நிமிஷம் மிச்சம் பிடித்தால், அதே ஆள் அடுத்த வாரம் அவசரப் பிரிவில் வந்து படுப்பார்.

காவடி விரதத்தைப் பற்றியும் பயிற்சியில் பேச வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இன்சுலின் போடுபவர் சாப்பாட்டை விட்டுவிட்டு, ஊசியை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயங்கி விழலாம். "விரதம் இருக்காதீங்க" என்று ஒரு வரியில் முடித்தால் அவர்கள் நம்மிடம் சொல்லாமல் இருப்பார்கள். "விரதத்தில் என்ன சாப்பிடுவீங்க, எப்போது சாப்பிடுவீங்க?" என்று கேட்டால் சொல்வார்கள். பிறகு டாக்டரிடம் பேசி மருந்தின் அளவை மாற்றலாம்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், டிஸ்பென்சரியில் என் மாணவி ஒருத்தி ஒரு பாட்டியோடு உட்கார்ந்திருந்தாள். "தாந்தின், வீட்டில் மருமகள் கேட்டால் என்ன சொல்வீங்க?" என்றாள். (வயதான பெண்களை இங்கே அன்பாகத் தாந்தின் என்று கூப்பிடுவோம்.) "மருமகள் எங்கே கேட்கப் போகிறாள், பேத்திதான் கேட்பாள்" என்றார் பாட்டி. அப்புறம் பையிலிருந்து மாத்திரைகளை மடியில் கொட்டி, "வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரி, இந்தச் சின்னது தலை சுற்றினால்" என்று அடுக்கினார். அந்தச் சின்னது தினமும் போட வேண்டியது. மாணவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பாட்டி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தச் சின்னதை நான்தான் சரியாகச் சொல்லவில்லை, மறுபடியும் பார்ப்போமா?" என்றாள்.