நமக்குப் பிடித்த படம் ஏன் தோற்கிறது? கோண்டாவில் தம்பியின் கேள்வி

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் விரிவாகக் கதைக்க வேண்டிய கேள்வி. கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

"அண்ணா, நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த பதினொரு பேர். ஒவ்வொரு வருடமும் ஒஸ்கார் நேரம் வந்தால், எந்தப் படத்துக்குச் சிறந்த படம் விருது கொடுக்க வேண்டும் என்று சண்டை பிடிப்போம். எங்களில் கனக்கப் பேருக்குப் பிடித்த படம் பெரும்பாலும் தோற்றுப்போகும். இது என்ன நியாயம்? தீபன் படத்துக்குப் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் விருது கொடுத்ததும் பிழை என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் வாக்கு எந்தப் படத்துக்கு?"

தம்பி, உங்கள் சண்டையில் ஒரு விஷயம் விடுபட்டுப் போயிருக்கிறது. எந்தப் படம் நல்லது என்று கதைக்கிறீர்கள், வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒஸ்காரில் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் போன்ற விருதுகளுக்கு எண்ணுவது சுலபம். யாருக்குக் கூடுதல் வாக்கோ அவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ஒரு படத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு எழும்ப முடியாது. பட்டியலில் பத்துப் படங்கள் இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுப் படங்களில் இருந்து இப்படித்தான் நடக்கிறது. அதற்கு முன்பு நெடுங்காலம் ஐந்து படங்களைத்தான் தெரிவுசெய்தார்கள். தி டார்க் நைட் என்ற படம் அந்த ஐந்துக்குள் வராமல் போனபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே பட்டியலைப் பத்தாக்கி, எண்ணும் முறையையும் மாற்றினார்கள்.

இந்த முறையை வேறு நாட்டுக்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஏனென்றால் நமது இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் இதற்குச் சொந்தக்கார முறை ஒன்று இருக்கிறது. வாக்குச்சீட்டில் மூன்று பேர் வரைக்கும் விருப்பத் தெரிவு போடலாம் அல்லவா? 2024 செப்டெம்பரில் நடந்த தேர்தலில் யாருக்கும் ஐம்பது வீதத்துக்கு மேல் கிடைக்கவில்லை. அதனால் நாட்டின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணினார்கள். முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரேயடியாக வெளியே விட்டு, அவர்களின் சீட்டுகளில் இருந்த அடுத்த விருப்பத்தை அந்த இரண்டு பேருக்கும் சேர்த்தார்கள். ஒஸ்காரில் ஒவ்வொன்றாக வெளியேற்றுவார்கள், அதுதான் வித்தியாசம். ஆகக் குறைந்த முதலிடம் பெற்ற படம் வெளியே போகும். அதற்கு முதலிடம் கொடுத்தவர்களின் சீட்டை எடுத்து, அவர்கள் இரண்டாவதாகப் போட்ட படத்தில் சேர்ப்பார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரைக்கும் இது நடக்கும்.

உங்கள் பதினொரு பேரையே எடுத்துப் பார்ப்போம். மூன்று படங்கள் என்று வையுங்கள். ஒன்று போர்ப் படம், ஒன்று குடும்பப் படம், ஒன்று பேய்ப் படம். போர்ப் படத்துக்கு ஐந்து பேர் முதலிடம் கொடுக்கிறீர்கள். குடும்பப் படத்துக்கு நான்கு பேர், பேய்ப் படத்துக்கு இரண்டு பேர். யாருக்கும் ஆறு இல்லை. பேய்ப் படம் வெளியே போகிறது. அந்த இரண்டு பேரும் போர்ப் படத்தைப் பார்த்துச் சலித்தவர்கள், அதனால் இரண்டாமிடத்தில் குடும்பப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். இப்போது குடும்பப் படத்துக்கு ஆறு. அதுதான் வென்றது. கூடுதல் பேர் முதலாவதாக விரும்பிய படம் தோற்றுவிட்டது. யாரும் களவு செய்யவில்லை, தம்பி.

சிலர் உயிரைக் கொடுத்து நேசித்து, மற்றவர்கள் வெறுக்கும் படத்துக்கு இந்த முறையில் வழி குறைவு. எல்லோரும் "பரவாயில்லை, நல்ல படம்தான்" என்று இரண்டாமிடத்திலோ மூன்றாமிடத்திலோ வைக்கிற படத்துக்கு வாய்ப்பு அதிகம். 2019இல் ரோமா சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது, சிறந்த படம் கிரீன் புக்குக்குப் போனது. 2017இல் லா லா லேண்டுக்கு இயக்குநர் விருது, படத்துக்கான விருது மூன்லைட்டுக்கு. மாறிப்போன கடித உறையை வாங்கி மேடையில் பிழையான பெயரை வாசித்தார்களே, அந்த வருடம்தான். இந்தப் பிளவுகளுக்கு எண்ணும் முறைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, வாக்கு எண்ணிக்கையை அவர்கள் வெளியிடுவதே இல்லை. ஆனால் இரண்டு விருதையும் இரண்டு விதமாக எண்ணும்போது இரண்டும் இரண்டு பக்கம் போவது புதினம் இல்லை.

இதே முறையில்தான் 2020இல் பாரசைட் வென்றது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப் படம் ஒஸ்காரில் சிறந்த படமானது அதுதான் முதல் தடவை. அப்போது எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை இப்போதும் மறக்கவில்லை. கீழே எழுத்து ஓடுகிற படம் என்றால் ஒதுக்கிவிடுவார்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்டு வளர்ந்தோம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பிரிவில் போட்டியில் இருக்கிற எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்குப் போடலாம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். 2026 விழாவில் இருந்து அந்த விதி. அப்படியென்றால் அதுவரைக்கும்? பார்க்காமலும் போடலாம், தடுக்க விதி இருக்கவில்லை. இதை அறிந்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இரண்டு மூன்று வருடம் பாடுபட்டு எடுத்த படத்தைப் பார்க்காமலே ஒருவர் பத்தாவது இடத்தில் தள்ளிவிடலாம் என்றால் அது என்ன தீர்ப்பு?

சரி, கானுக்கு வருவோம். ஒஸ்காரில் வாக்குப் போடுகிற மாதிரி ஆயிரக்கணக்கான உறுப்பினர்களும் அங்கே இல்லை, வரிசைப்படுத்திக் கொடுக்கிற சீட்டும் இல்லை. ஒரு சின்ன நடுவர் குழு படங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றாக இருந்து கதைத்து முடிவெடுக்கும். 2015இல் ஒன்பது பேர். கோயன் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து தலைமை. கியர்மோ டெல் டோரோவும் அந்தக் குழுவில் இருந்தார். அவர்கள்தான் ஜாக் ஓடியார் இயக்கிய தீபனுக்கு அந்த விழாவின் முதல் விருதான தங்கப் பனையைக் கொடுத்தார்கள். பெரும்பகுதி தமிழ் பேசுகிற ஒரு படம், கதாநாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. பண்ணைப் பாலத்தால் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஊர். அந்த ஊர்க்காரர் கான் மேடையில் நிற்பதைப் பார்த்தபோது நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

ஆனால் தம்பி, அழுததும் தீர்ப்பும் வேறு வேறு. உங்கள் சிநேகிதர்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் படத்தின் முதல் பகுதி அபாரமானது. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர்கள் கணவன், மனைவி, மகள் என்று சொல்லிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார்கள். இருட்டில் மினுங்கும் விளையாட்டுச் சாமான்களைக் கதாநாயகன் தெருவில் விற்கிற காட்சி, பொய்யான குடும்பம் மெல்ல மெல்ல உண்மையாகிற இடங்கள், இதையெல்லாம் நமது வீடுகளில் கேட்ட கதைகளோடு வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. போய்ச் சேர்ந்தவர்களின் கதை எங்கள் வீட்டிலும் இருக்கிறது. மனைவியாக நடித்த பெண் சென்னை நாடகக் கலைஞர், அவருடைய பேச்சில் ஊர்த் தமிழ் முழுமையாக உட்காரவில்லை என்று என் அம்மா இரண்டாவது நிமிடமே சொல்லிவிட்டார். அதை நான் பெரிய குறையாக எடுக்கவில்லை, அவர் முகத்தில் இருந்த பயம் உண்மையானது.

என் பிரச்சினை கடைசிப் பகுதியில். போரில் இருந்து தப்பி வந்த மனிதனைத் திரும்பவும் வெட்டும் சூடும் நடக்கிற இடத்துக்குள் இறக்கி, அதில் அவனை வெல்ல வைத்து, பிறகு இங்கிலாந்தில் வெயில் படுகிற வீடு ஒன்றைக் காட்டி முடிக்கிறார்கள். போர் ஒரு மனிதனுக்குள் விட்டுப்போனதைச் சண்டைக் காட்சியால் தீர்த்துவைக்க முடியாது. இந்த ஊரில் இருக்கிற எவருக்கும் அது தெரியும். அந்த ஒன்பது பேரில் ஒருவருக்காவது அது உறுத்தியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதே போட்டியில் ஹங்கேரியின் சன் ஒஃப் சோல் இரண்டாவது பெரிய விருதைப் பெற்றது. நாசி வதைமுகாமில், பிணங்களை அகற்றக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு கைதியின் கதை. கமரா அவன் தோளை விட்டு விலகாது, கொடுமையெல்லாம் ஓரத்தில் மங்கலாகத் தெரியும், காதில்தான் முழுதாகக் கேட்கும். நான் அந்த அறையில் இருந்திருந்தால் அதற்கு முதலிடம், தீபனுக்கு இரண்டாமிடம். இதைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது, ஆனால் அதுதான் என் முடிவு. அடுத்த வருடம் பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காரும் சன் ஒஃப் சோலுக்கே போனது. பிரான்ஸ் தன் பக்கத்தில் இருந்து ஒஸ்காருக்குத் தீபனை அனுப்பவில்லை, முஸ்டாங் என்ற படத்தை அனுப்பியது. ஒரே வருடம், ஒரே படம், ஒரு அறையில் முதலிடம், இன்னொரு அறையில் கதவே திறக்கவில்லை.

இந்திய தேசிய திரைப்பட விருதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று மட்டும். அந்த விருது 1954இல் தொடங்கியது. அதில் எல்லா மொழிகளிலும் சிறந்த படமாகத் தெரிவான முதல் தமிழ்ப் படம், 1990ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்ற மறுபக்கம். பிறகு காஞ்சிவரம், அப்புறம் சூரரைப் போற்று. 2023 ஓகஸ்டில் ஜெய் பீம் படத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று இங்கேயும் பெடியள் கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த வருடம் சிறந்த தமிழ்ப் படமான கடைசி விவசாயி மேல் சிலர் பாய்ந்தது அநியாயம். அது என்ன பாவம் செய்தது? அதுவும் மண்ணைத் தொட்டு எடுத்த படம்.

கடைசியாக, என் வாக்கு. உலகப் படங்களை விடுங்கள். நமது நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கு முதல் விருது ஒன்று கொடுக்கச் சொன்னால் நான் யோசிக்க மாட்டேன், 1977இல் வந்த பொன்மணி. கதை காவலூர் இராஜதுரை, இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களவர் ஒருவர் வந்து, சாதியும் சீதனமும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்குள் என்ன செய்கின்றன என்று அவ்வளவு அமைதியாகக் காட்டியிருக்கிறார். வந்த நேரத்தில் படம் ஓடவில்லை. பாட்டும் சண்டையும் தேடிப்போன சனத்துக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்ததே அந்த மௌனம்தான். நடுவீட்டில் பெரியவர்கள் முடிவெடுக்க, பெண் பிள்ளைகள் ஒன்றும் கதைக்காமல் நிற்கிற இடங்களைப் பாருங்கள். என் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது பெரியக்காவின் வீடு" என்று சொன்னார். பெரியக்கா யார், அவருக்கு என்ன நடந்தது என்று அன்று இரவுதான் எங்களுக்கு முதல் தடவையாகச் சொன்னார்.

உங்கள் பதினொரு பேருக்கும் ஒரு வேலை தருகிறேன். முதலில் எல்லோரும் எல்லாப் படத்தையும் முழுதாகப் பாருங்கள், துண்டு துண்டாக இல்லை. பிறகு ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, ஆளுக்கொரு சீட்டில் வரிசை போடுங்கள். கூடுதல் வாக்கு முறையில் ஒரு தடவை எண்ணுங்கள், ஒஸ்கார் முறையில் ஒரு தடவை எண்ணுங்கள். இரண்டு முடிவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த காணொளியில் வாசிக்கிறேன். அந்தப் பட்டியலில் பொன்மணியையும் சேருங்கள்.